கைமாறும் கருவியும் நிறையாத செவியும்

மாட்டுச் சந்தையில் ஒரே மாடு மூன்று வாரம் தொடர்ந்து விலைக்கு நின்றால், வாங்க வந்த உழவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பதோடு அமையமாட்டார். சுழி பார்ப்பார்; நடக்கவிட்டுப் பார்ப்பார்; தரகரைத் தனியே அழைத்து, "உடையவன் ஏன் விற்கிறான்?" என்றும் கேட்பார். அடிக்கடி விலைக்கு வரும் பொருளில் ஏதோ குறை மறைந்திருக்கும் என்பது நம் முன்னோர் பட்டுத் தெரிந்துகொண்ட உலகறிவு. பொருளை மட்டுமன்றி மனிதரையும் நாம் இந்த அளவுகோலால்தான் அளக்கிறோம். நான்கு அலுவலகம் மாறியவரையும் மூன்று ஊர் மாறியவரையும் உலகம் சற்று ஐயத்தோடுதான் நோக்குகிறது. இந்த அளவுகோல் எவ்வளவு தூரம் நேரானது?

இவ்வினாவை ஆராய ஒரு சிறு பொருளைச் சான்றாக எடுத்துக்கொள்வோம். இசைத்தட்டின் ஊசியிலிருந்தும் ஒலிநாடாவிலிருந்தும் வரும் மின்னோட்டம் மிக மெல்லியது. ஸ்பீக்கரை அசைக்கும் வலிமை அதற்கு இல்லை. அந்த மெல்லிய மின்னோட்டத்தை, அதன் உருவம் கெடாமல், வலிமையுடையதாக ஆக்கித் தரும் கருவியே ஆம்ப்ளிஃபயர். 'ஹை-ஃபை' என்னும் அடைமொழி, மூலத்திற்கு உண்மையாக இருத்தலைக் குறிக்கும். தன் பங்காக ஒன்றையும் சேர்க்காமல், தந்ததில் ஒன்றையும் குறைக்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதே அதன் தொழில். நல்ல தூதனுக்குச் சொல்லப்படும் இலக்கணம் அதற்கும் பொருந்தும்.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பழைய ஹை-ஃபை கருவிகளுக்கென்று பெரிய சந்தை உண்டு. அந்தச் சந்தையைத் தொடர்ந்து கவனிப்பவர்கள் சில பெயர்களைத் திரும்பத் திரும்பக் காண்பார்கள். 1978-இல் வெளிவந்த என்.ஏ.டி. 3020 அவற்றுள் ஒன்று. இங்கிலாந்தின் குவாட் நிறுவனம் 1967-இல் வெளியிட்ட 303-உம், 1975-இல் வெளியிட்ட 405-உம் அவ்வாறே. 1970-களில் பயனியர், மராண்ட்ஸ், சான்சுய் முதலிய நிறுவனங்கள் செய்த பளுவான ரிசீவர்களும் ஓயாமல் விலைக்கு வருகின்றன. புதியவர் ஒருவர் இதைக் கண்டால், "இத்தனை பேர் கைவிட்ட கருவி நல்லதாக இருக்குமா?" என்று தயங்குவது இயல்பே. அத்தயக்கத்திற்கு விடை காண வேண்டுமானால் மூவரை விசாரிக்க வேண்டும்: பொருளை, சூழ்நிலையை, உடையவரை.

பொருள் சொல்லும் சாட்சி

முதலில் எண்ணிக்கை நம்மை ஏமாற்றும் வகையைக் காண்போம். ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு வகை ஆம்ப்ளிஃபயர் 1,00,000 விற்றிருக்கிறது; ஆண்டுதோறும் நூறு பேரில் ஒருவர் அதனை விற்றுவிடுகிறார். மற்றொரு வகை 500 மட்டுமே விற்றது. அதை வாங்கியவர்களில் ஐவரில் ஒருவர் ஆண்டுக்குள் விற்றுவிடுகிறார். சந்தையில் முதல் வகை 1,000 நிற்கும். இரண்டாம் வகை 100 நிற்கும். பார்ப்பவர் கண்ணுக்கு முதல் வகையே பத்து மடங்கு மிகுதியாகக் கைவிடப்பட்டதாகத் தோன்றும். உண்மையில் இரண்டாவதை வெறுத்தவர் விகிதம் இருபது மடங்கு மிகுதி! எத்தனை பேர் விற்றார்கள் என்று எண்ணுகிற நாம், எத்தனை பேர் விற்காமல் வைத்திருக்கிறார்கள் என்பதை எண்ணுவதில்லை. வைத்திருப்பவர் விளம்பரம் செய்வதில்லை அன்றோ?

என்.ஏ.டி. 3020 இக்கணக்கிற்கு நல்ல எடுத்துக்காட்டு. எரிக் எட்வர்ட்சன் என்னும் பொறியாளர் வடிவமைத்த அந்தக் கருவி, ஒரு பக்கத்திற்கு 20 வாட் ஆற்றல் மட்டுமே உடையதாக அறிவிக்கப்பட்டது. தோற்றத்தில் எளிமை, விலையில் குறைவு. ஆயினும் இசையில் திடீரென்று எழும் உச்சங்களுக்குத் தேவையான மிகுதியான ஆற்றலைச் சிறுபொழுது தரும் திறன் அதற்கு இருந்தது. ஹை-ஃபை உலகிலேயே மிகுதியாக விற்ற ஆம்ப்ளிஃபயர்களுள் அது ஒன்று. மாணவரும் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரும் முதன்முதலாக வாங்கும் கருவியாக அது அமைந்தது. முதற்படியில் கால் வைத்தவர் அடுத்த படிக்கு ஏறும்போது முதற்படி காலியாவது இயற்கை. அதனைப் படியின் குற்றம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இன்னொன்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். கெட்டுப்போன பொருள் சந்தைக்கு வருவதில்லை. அது காயலான் கடைக்குப் போய்விடுகிறது. நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் விலைக்கு வருகிறது என்றால், அது இன்னும் உயிரோடிருக்கிறது என்று பொருள். குவாட் நிறுவனத்தைப் பீட்டர் வாக்கர் 1936-இல் தொடங்கினார். அந்நிறுவனம் தன் பழைய கருவிகளையும் பல்லாண்டுக் காலம் ஏற்றுப் பழுது பார்த்துத் தந்தது. பழுது பார்க்கக் கூடிய பொருளுக்கே மூன்றாம் உடையவர் கிடைப்பார்; நான்காம் உடையவரும் கிடைப்பார். அடிக்கடி கைமாறுதல் இங்கே நீண்ட ஆயுளின் அடையாளமாகிறது.

சூழ்நிலை சொல்லும் சாட்சி

அடுத்து, குறை பொருளிலும் இல்லாமல் உடையவரிடமும் இல்லாமல், இரண்டும் கூடிய இடத்தில் இருப்பதுண்டு. 'கிளாஸ் ஏ' என்று வழங்கும் ஒருவகை ஆம்ப்ளிஃபயர் உண்டு. பாட்டு மெல்ல ஒலித்தாலும், ஒலிக்காமலே நின்றாலும், அது முழு அளவில் மின்சாரத்தை உட்கொண்டு பெரும்பகுதியை வெப்பமாக வெளியிடும். குளிர்நாட்டு மாரிக்காலத்தில் அது அறைக்கு இதம் தரும். நாகபுரியின் மே மாதத்தில் அதனருகே அமர்ந்து இசை கேட்பவர் பொறுமையில் முனிவராகத்தான் இருக்க வேண்டும். ஸ்பீக்கருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் இசைவு இல்லாமற் போவதும் உண்டு. மிகுந்த மின்னோட்டம் வேண்டும் ஸ்பீக்கரோடு சிறிய ஆம்ப்ளிஃபயரைப் பூட்டினால் இரண்டும் சிறக்கமாட்டா. நல்ல மணமகனும் நல்ல மணமகளும் கூடியும் இல்லறம் இனிக்காத வீடுகளை நாம் கண்டதில்லையா?

வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு இந்தச் சாட்சியின் மொழி எளிதில் விளங்கும். மாற்றல் உத்தரவு வந்த வீட்டில் பத்து நாளில் கட்டிலும் அலமாரியும் குளிர்ப்பெட்டியும் விலைக்குப் போகின்றன. அவற்றுள் எதிலும் குறையில்லை. அடுத்த ஊரில் கிடைக்கப்போகும் குடியிருப்பு இரண்டு அறை என்பது மட்டுமே காரணம். வாங்க வருபவர் கட்டிலைத் தட்டித் தட்டிப் பார்த்து, "என்ன குறை, சொல்லுங்கள்" என்று கேட்கும்போது, குறையில்லாப் பொருளை விற்பவரின் மனம் படும் வருத்தத்தை நம்மில் பலர் அறிவர். தந்தை விட்டுச் சென்ற ஆம்ப்ளிஃபயரை, வைக்க இடமின்றி விற்கும் பிள்ளைகள் எல்லா நாட்டிலும் உண்டு. ஒரு தலைமுறை ஆசையோடு சேர்த்ததை மறு தலைமுறை விலைக்குத் தருவது நன்றி கெட்ட செயலாகிவிடாது.

உடையவர் சொல்லும் சாட்சி

இப்போது மூன்றாம் சாட்சிக்கு வருவோம். பொருளில் குறையில்லை, சூழ்நிலையும் மாறவில்லை, வாங்கி ஓராண்டுதான் ஆயிற்று. ஆயினும் விற்கிறார். ஏன்?

1978-ஆம் ஆண்டு இவ்வினாவுக்குப் பல வகையில் ஒளி தருகிறது. 20 வாட் என்.ஏ.டி. வெளிவந்த அதே ஆண்டில் பயனியர் நிறுவனம் எஸ்.எக்ஸ். 1980 என்னும் ரிசீவரை வெளியிட்டது. ஒரு பக்கத்திற்கு 270 வாட் ஆற்றல்; முப்பத்தைந்து கிலோ அளவில் எடை. ஜப்பானிய நிறுவனங்கள் வாட் எண்ணிக்கையில் ஒன்றையொன்று முந்த ஓடிய காலம் அது. 270 என்பது 20-ஐப் போல் பதின்மூன்றரை மடங்கு. செவி இந்தக் கணக்கை ஒப்புக்கொள்வதில்லை. ஒலி இரு மடங்காகக் கேட்பதாகச் செவி உணர வேண்டுமானால், மின்னாற்றல் ஏறக்குறையப் பத்து மடங்காக வேண்டும். ஆகவே பதின்மூன்றரை மடங்கு ஆற்றல், செவிக்கு இரு மடங்கைச் சற்றே கடந்த ஒலியாகத்தான் எட்டும். அதுவும் இரண்டையும் உச்சத்தில் ஒலிக்கவிட்டால்தான்! வீட்டுக் கூடத்தில் அமைதியாக இசை கேட்கையில் பெரும்பாலான பொழுது ஒரு வாட் அளவே செலவாகிறது.

அதே 1978-இல் இங்கிலாந்தின் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் ஒரு சோதனையின் முடிவு வெளியாயிற்று. குவாட் நிறுவனத்தின் ஆதரவோடு ஜேம்ஸ் மோயர் என்னும் ஒலியியல் பொறியாளர் அதனை நடத்தினார். 1953-இல் அறிமுகமான வால்வு ஆம்ப்ளிஃபயரான குவாட் II, டிரான்சிஸ்டர்களாலான 303, அதன்பின் புது முறையில் அமைந்த 405 ஆகிய மூன்றும் ஒலிக்கவிடப்பட்டன. கேட்டவர்களுக்கு எப்போது எது ஒலிக்கிறது என்று தெரிவிக்கப்படவில்லை. அந்நிலையில் அவர்களால் மூன்றையும் நம்பத்தக்க அளவில் வேறுபடுத்த இயலவில்லை. இருபதாண்டுக்கு மேற்பட்ட முன்னேற்றம் செவிக்குப் புலப்படவில்லை என்பதை ஒரு நிறுவனம் தன் செலவிலேயே நாட்டுக்குக் காட்டியது வணிக உலகில் அரிய நிகழ்ச்சி. 1987-இல் அமெரிக்காவின் 'ஸ்டீரியோ ரிவ்யூ' இதழும் இத்தகைய சோதனை ஒன்றை வெளியிட்டது. 25 பேர் கேட்டனர். ஏறக்குறைய 220 டாலர் விலையுடைய கருவியிலிருந்து 12,000 டாலர் விலையுடையது வரை அதில் இடம்பெற்றன. பெயர் மறைக்கப்பட்டபோது, கேட்டவர் சொன்ன விடைகள் நாணயத்தைச் சுண்டிப் பார்த்துச் சொல்வதைவிடச் சிறக்கவில்லை.

இவற்றைக் கொண்டு எல்லா ஆம்ப்ளிஃபயரும் ஒன்றே என்று முடிவு கட்டுவது தவறு. பழுதுபட்டதும் ஆற்றல் போதாததும் வேறுபட்டே ஒலிக்கும். உழைப்பும் உறுதியும் வேறு. பழுது பார்க்கும் வசதியும் வேறு. ஆனால் ஒழுங்காக வேலை செய்யும் இரண்டு நல்ல கருவிகளுக்கிடையே உள்ள வேறுபாடு, விளம்பரம் சொல்லும் அளவினது அன்று என்பதை இச்சோதனைகள் தெளிவாக்குகின்றன. அப்படியானால் உடையவர் எதை விற்கிறார்? எதை வாங்குகிறார்?

செவிக்குப் பழகும் இயல்பு உண்டு. புதிய கருவி வந்த முதல் வாரம், பலமுறை கேட்ட பாட்டிலும் புதிய நுட்பங்கள் தோன்றும். வாங்கியவர் கூர்ந்து கேட்கிறார். கூர்ந்து கேட்டதால் தோன்றின. சில திங்களில் கூர்மை தளர்கிறது. தளர்ந்தது தம் கவனம் என்பதை உணராமல், கருவியின் ஒலி மங்கிவிட்டது என்று எண்ணத் தொடங்குகிறார். தோடி ஆலாபனையைக் கேட்க அமர்ந்தவர், ஆலாபனை முடியுமுன் எழுந்து குமிழைத் திருகுகிறார். பாடகரின் குரல் பின்னே போய்விடுகிறது. கருவியின் ஓசையே முன்னே நிற்கிறது. பிறகு ஒரு விளம்பரம் கண்ணில் படுகிறது. பழையது விலைக்கு வருகிறது.

பிரெஞ்சு அறிஞர் திதரோ 1769-ஆம் ஆண்டில், தம் பழைய அங்கியைப் பிரிந்ததற்காக வருந்தி ஒரு கட்டுரை வரைந்தார். அழகிய புது அங்கி ஒன்று அவருக்குக் கிடைத்தது. அதன் அருகே பழைய நாற்காலி அழகற்றதாகத் தோன்றியது. நாற்காலியை மாற்றினார், மேசை குறைபாடாகப் பட்டது. இவ்வாறு அறை முழுவதும் மாறியபின், தாம் இழந்தது ஓர் அமைதி என்பதை உணர்ந்தார். இரு நூற்றாண்டுக்குப் பின் ஆம்ப்ளிஃபயர் வாங்குபவர் நடப்பதும் அதே வழிதான். புது ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்ற ஸ்பீக்கர், ஸ்பீக்கருக்கு ஏற்ற கம்பி, கம்பிக்கு ஏற்ற இருக்கை என்று சங்கிலி நீள்கிறது. அவா ஓயாத பிறப்பை ஈனும் வித்து என்பது வள்ளுவர் அன்றே கண்ட உண்மை.

விற்பவரின் கடமை

விற்பது குற்றமா? அன்று. இந்தச் சந்தை இல்லையானால், சிறு வருவாயுடைய இளைஞர் நல்ல கருவியில் இசை கேட்கவே வழியில்லை. ஒருவரின் சலிப்பு மற்றொருவரின் வாய்ப்பாகிறது. பூட்டிய அலமாரியில் உறங்கவிடுவதைவிட, பயன்படுத்துபவர் கையில் சேர்ப்பது மேலானதே. எனினும் பயன் வேறு, அறம் வேறு. சலிப்பால் விற்றவர் தம்மை வள்ளல் என்று எண்ணிக்கொள்ளலாகாது. அவர் செய்யும் வணிகம் அறமாவது, எதைச் சொல்லி விற்கிறார் என்பதைப் பொறுத்தது.

பழைய ஆம்ப்ளிஃபயரின் குறைகள் பல, உடனே வெளிப்படுவதில்லை. உள்ளிருக்கும் கண்டென்சர்கள் ஆண்டுகள் செல்லச் செல்ல உலர்ந்து திறன் குன்றும். கருவி சூடேறிய பின்னரே ஒரு பக்கத்து ஒலி தளர்வதுண்டு. இரைச்சல் தொடங்குவதும் உண்டு. வாங்க வந்தவர் பத்து நிமிடம் கேட்பார், நன்றாகவே ஒலிக்கும். ஒரு மணி நேரம் கழித்து வரும் குறையை அறிந்தவர் விற்பவர் ஒருவரே. சில பழுதுகள் வாங்கியவரின் ஸ்பீக்கரையும் எரித்துவிடக் கூடியவை. அந்தப் பத்து நிமிடத்திற்கும் ஒரு மணி நேரத்திற்கும் இடையே விற்பவரின் மனச்சான்று நிற்கிறது.

கி.மு. 44-இல் ரோமானிய அறிஞர் சிசெரோ, கடமைகளைப் பற்றி எழுதிய நூலில், குறையுள்ள வீட்டை விற்பவரைப் பற்றிய வழக்கொன்றை எடுத்துரைக்கிறார். பொய் சொல்லக் கூடாது, ஆனால் எல்லாக் குறையையும் தானே வலிந்து சொல்ல வேண்டியதில்லை என்பது டயோஜெனிஸ் என்னும் தத்துவ அறிஞரின் கட்சி. வாங்குபவர் அறியாததை விற்பவர் அறிந்திருந்தால் சொல்லியே தீர வேண்டும் என்பது ஆண்டிபேட்டரின் கட்சி. சிசெரோ பின்னவர் பக்கமே நின்றார். 1970-இல் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப், பழைய கார்ச் சந்தையைக் கொண்டு இதன் விளைவை விளக்கினார். நல்ல கார் எது, பழுதான கார் எது என்று வாங்குபவரால் அறிய முடியாதபோது, எல்லாவற்றுக்கும் அவர் குறைந்த விலையே தர முன்வருவார். அவ்விலைக்கு நல்ல காரை விற்க உடையவர் உடன்படார். நல்லவை விலக, பழுதானவையே சந்தையில் மிஞ்சும். 2001-இல் அவர் பெற்ற நோபல் பரிசுக்கு இந்த ஆராய்ச்சி அடிப்படையாயிற்று. ஒருவர் மறைத்த குறை, முகமறியாத நேர்மையாளர் பலரின் பொருளையும் விலை குறையச் செய்கிறது என்பது இதன் அறப்பொருள். நடுவு நிலைமை என்னும் அதிகாரத்தை வள்ளுவர் வணிகரைப் பற்றிய குறளோடு முடித்திருப்பது எண்ணத்தக்கது. வாங்குகிறவரின் இடத்தில் தன்னை வைத்துப் பார்ப்பதே அங்கே அவர் கேட்கும் நடுவு நிலைமை.

ஆதலின், "ஏன் விற்கிறீர்கள்?" என்னும் கேள்வி வரும்போது விற்பவர் சினங்கொள்ளலாகாது. மாற்றல் என்றால் மாற்றல் என்று சொல்லட்டும். இரைச்சல் என்றால் இரைச்சல் என்று சொல்லட்டும். வெறும் சலிப்பு என்றால் அதையும் நாணாமல் சொல்லட்டும். அந்த விடையால் கருவியின் மேல் விழுந்த வீண்பழி நீங்கும். வாங்குபவரின் அச்சமும் நீங்கும்.

கேட்பவருக்கும் ஒரு கடமை உண்டு. அடிக்கடி வருகிறது என்னும் ஒன்றையே குற்றச்சாட்டாகக் கொள்ளாமல், மூன்று சாட்சிகளையும் விசாரிக்க வேண்டும். மனிதரை அளக்கும்போது இது இன்னும் தேவை. பல ஊர் மாறியவரெல்லாம் எங்கும் பொருந்தாதவர் அல்லர். எந்த ஊரிலும் பொருந்தக் கூடியவர் என்பதாலேயே பல ஊருக்கு அனுப்பப்பட்டவராகவும் இருக்கலாம். பிழைப்பைத் தேடி மொழி தெரியாத நகரங்களில் வேர் பிடித்த குடும்பங்கள் இதனைப் பிறர் சொல்லியா அறிய வேண்டும்?

விற்க நினைப்பவருக்கு ஓர் எளிய சோதனை உண்டு. விளம்பரம் எழுதுவதற்கு முன் ஒரு மாலைப்பொழுதில் விளக்கைத் தணித்து, தமக்கு உகந்த கச்சேரி ஒன்றை வர்ணத்திலிருந்து மங்களம் வரை அந்தக் கருவியில் கேட்கட்டும். இடையில் எழ வேண்டாம். குமிழைத் தொட வேண்டாம். மங்களம் முடியும்போது மனம் பாட்டில் நின்றிருந்தால் கருவி இன்னும் சில ஆண்டு வீட்டில் இருக்கலாம். தனியாவர்த்தனத்துக்கு முன்பே கை குமிழை நாடினால், அடுத்து வரும் கருவிக்கும் ஓராண்டுதான் ஆயுள் என்று அறிந்து, அதன்பின் விலை பேசட்டும்.